கிருமி என்று சொல்லி வைத்தேன்

ஆஸ்பத்திரியில் பெயரைக் கேட்பார்கள், வயதைக் கேட்பார்கள், அடுத்து "கூட யாரு?" என்று கேட்பார்கள். எழுதுகிற ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். ரத்தம் எடுக்கிற இடம், ஸ்கேன் எடுக்கிற இடம், மயக்க மருந்து டாக்டரின் அறை என்று எங்கே போனாலும் அதே கேள்விதான். "வந்துக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லிப் பழகினேன். யாரும் வந்துகொண்டு இருக்கவில்லை என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கும். என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பார்கள்.

எனக்கு நாற்பத்து நான்கு வயது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்காரும் வேலை. கல்யாணம் கூடி வரவில்லை, நானும் அதைத் துரத்திக்கொண்டு போகவில்லை. அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். இருப்பது ஒரே தங்கை, செல்வி. அலங்காநல்லூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுக்கு வெகுநாள் கழித்துப் பிறந்த பெண் குழந்தை யாழினி. அந்தக் குழந்தைக்குக் காது குத்தும் நாளை அதன் பெற்றோரைவிட நான்தான் அதிகம் எதிர்பார்த்துக்கொண்டு இருந்தேன். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவனை ஊரைக் கூட்டி நடுவில் உட்கார வைக்கிற இடம் அது ஒன்றுதான்.

மலத்தில் ரத்தம் வந்தபோது மூலம் என்று நினைத்தேன். ஆரப்பாளையத்தில் வேலை பார்க்கிறவனுக்கு வேறு எதுவும் தோன்றாது. அங்கே ஒரு சுவர் இருந்தால் அதில் மூலம், பவுத்திரம் என்று ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கும். எங்கள் லாட்ஜிலேயே ஒரு மூல வைத்தியர் மாதம் ஒரு தடவை அறை எடுத்துத் தங்குவார். அவரைப் பார்க்க வருகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மாடிப்படியில் வரிசையாக நிற்பார்கள். சாவி எடுத்துக் கொடுக்கிற பழக்கத்தில் எனக்கு லேகியம் சலுகையில் கிடைத்தது. சலுகையில் கிடைக்கிறதே என்று ஒரு வருடம் நக்கிக்கொண்டு இருந்தேன். கருணைக்கிழங்கு தின்றேன், மோர் குடித்தேன். பேன்ட் இடுப்பில் நிற்காமல் போனபோது தொப்பை குறைந்ததே என்று சந்தோஷப்பட்டேன். பல் விளக்கும்போது ஈறிலும் ரத்தம் வரும். மேலே ரத்தம், கீழே ரத்தம், நடுவில் நான் லேகியத்தை நம்பி உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நாள் மாடிப்படியில் பாதி ஏறியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் லாட்ஜில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிற முருகேசன் அப்போதுதான் கிளம்பிக்கொண்டு இருந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டான்.

"அண்ணே, வைத்தியரு வைத்தியம் பாத்தது போதும். ஆஸ்பத்திரிக்குப் போவம், வாங்க."

உடம்பில் பாதி ரத்தம்தான் இருக்கிறது என்றார்கள். பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்கு முந்தின நாள் ஒரு பேதி மருந்தைத் தண்ணீரில் கலந்து குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். குடல் கழுவிவிட்ட பாத்திரம் மாதிரி ஆகும்வரை கக்கூஸே வீடு. மறுநாள் மயக்கம் கொடுத்து, விரல் பருமனில் ஒரு குழாயைப் பின்வழியாக விட்டு, குடலின் உள்சுவர் முழுக்கப் பார்ப்பார்கள். சந்தேகமான இடத்தில் சதையை ஒரு கிள்ளு கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். வலி இல்லை. வெட்கம்தான் இருந்தது, அதுவும் மயக்கத்தோடு போய்விட்டது.

அந்தச் சோதனையின் முடிவு வரும்வரை காத்திருப்பதுதான் பெரிய நோய். வெளிநோயாளிகள் கூடத்தில் இரும்பு நாற்காலிகளைச் சேர்த்துச் சேர்த்துப் போட்டிருப்பார்கள். புருஷன் பெண்டாட்டி, அப்பா மகள் என்று ஜோடியாக வருகிறவர்கள் அவற்றில் உட்கார்ந்துகொள்வார்கள். தூணுக்குப் பக்கத்தில் கடைசியாக ஒரு நாற்காலி தனியாகக் கிடந்தது. அதன் கூட்டாளிகள் எப்போதோ உடைந்து போயிருக்க வேண்டும். நான் போனால் அது எப்போதும் காலியாக இருக்கும். என் பெயர் எழுதாத குறைதான்.

எனக்குப் பிறகு ஆபரேஷன் செய்த டாக்டரம்மா என்னைவிட இளையவர். சுற்றி வளைக்காமல் சொன்னார். "பெருங்குடலோட கீழ்ப்பகுதியில கட்டி இருக்கு. புற்றுநோய்தான். எடுத்துறலாம். அதுக்கப்புறம் மருந்து ஏத்தணும்." நான் தலையை ஆட்டினேன். இன்னொன்றும் கேட்டார். "கட்டியில ஒரு சின்னத் துண்டை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கலாமா? வாயில இருக்கிற ஒரு கிருமி சில பேரோட குடல் கட்டியில இருக்குது. அது என்ன செய்யுதுன்னு பாத்துக்கிட்டு இருக்கோம்." வெட்டிப் போடப்போகிற சதைதானே, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

வெளியே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். என்னைப் பற்றி இல்லை, செல்வியைப் பற்றி. கேன்சர் என்ற சொல் அவள் மாமியார் வீட்டுக்குப் போனால் என்ன ஆகும்? "உங்க வம்சத்துல இருக்கு" என்பார்கள். இன்றைக்கு இல்லாவிட்டாலும் யாழினிக்கு மாப்பிள்ளை பார்க்கிற காலத்தில் யாராவது கிளறுவார்கள். அந்த வீட்டில் அவள் குழந்தை இல்லாமல் பட்ட பேச்சே போதும். அப்போதுதான் டாக்டரம்மா கொடுத்த சொல் கைக்கு எட்டியது.

செல்வி போனில் கேட்டாள். "என்னண்ணே சொன்னாங்க?"

"குடல்ல கிருமியாம். கூடிக் கூடிக் கட்டி மாதிரி ஆயிருச்சாம். எடுத்துட்டா சரியாப் போகும்."

"கிருமியா?"

"கிருமிதான். வேற ஒண்ணுமில்ல."

பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைத்தேன். ஆராய்ச்சி செய்கிறவர்களே கிருமி என்கிறார்கள், நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை என்று தேற்றிக்கொண்டேன். ஆனால் யாரிடம் அந்தச் சொல்லைச் சொல்கிறோம் என்று யோசிக்கவில்லை. செல்வியின் மாமனார் கொரோனாவில் போனவர். பக்கத்தில் போகவிடாமல், முகத்தைக் காட்டாமல், பையில் சுற்றிக் கொண்டுபோனார்கள். அந்த வீட்டில் கிருமி என்றால் அதுதான். கேன்சரைவிடப் பெரிய சொல்லை அவர்கள் வீட்டுக்குள் அனுப்பி வைத்துவிட்டு நான் நிம்மதியாகப் படுத்திருந்தேன்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு செல்வியும் அவள் புருஷனும் வந்தார்கள். வார்டு வாசலிலேயே நின்றார்கள். இரண்டு பேருக்கும் முகத்தில் மாஸ்க். குழந்தையைக் கூட்டி வரவில்லை. செல்வி ஓர் எட்டு உள்ளே வைத்தாள். மாப்பிள்ளை அவள் முந்தானையைப் பிடித்ததை நான் பார்த்தேன்.

"புள்ள இருக்கிற வீடு மச்சான்," என்றான். "தப்பா நெனக்காதீக."

"நான் என்ன நெனக்கப் போறேன் மாப்ள."

சாப்பாட்டுக் கேரியரை நர்சம்மாவிடம் கொடுத்து அனுப்பினார்கள். ரசம் சாதமும், நெய் விட்டு வதக்கிய பீர்க்கங்காயும். எனக்குப் பிடிக்கும் என்று செய்திருக்கிறாள். சாப்பிட்டுக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாப்பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "கேரியரு இங்கயே இருக்கட்டும் மச்சான். வீட்ல வேற இருக்கு."

செல்வி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது எங்கள் அம்மா சீராகக் கொடுத்த கேரியர்.

ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று சொந்தக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். முருகேசன் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தூங்காமல் வந்து நின்றான். நர்சம்மா "கூட யாரு? நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். "தம்பி," என்றான். அவன் வேறு ஊர், வேறு ஆட்கள். சொல்லும்போது அவன் குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. அதற்கப்புறம் அவன் என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

கண் விழித்தபோது வயிற்றின் வலதுபக்கம் ஒரு பை தொங்கியது. கட்டி இருந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் தைத்திருந்தார்கள். அந்தத் தையல் ஆறும்வரை மலம் அந்த வழியாகப் போகக்கூடாது. அதனால் சிறுகுடலின் ஒரு மடிப்பை வயிற்றுக்கு வெளியே கொண்டு வந்து பையை ஒட்டியிருந்தார்கள். பிறகு மூடிவிடுவார்களாம். அதுவரை நாமே அவிழ்த்துக் கொட்டிக் கழுவ வேண்டும். நாற்றம் பழகிவிடும். சத்தம்தான் பழகாது. நாம் அடக்கலாம் என்றால் அதற்கு அடக்குகிற தசை கிடையாது. நாலு பேர் பேசிக்கொண்டு இருக்கும்போது தன் பாட்டுக்கு ஒரு கருத்துச் சொல்லும்.

வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்குக் கீழேயும் ஒரு பாய் சுருட்டி வைத்திருக்கும். கூட இருக்கிறவர்கள் படுப்பதற்கு. என் கட்டிலுக்குக் கீழே என் செருப்பு இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் திருவாதவூர் விவசாயி. அவர் மனைவி ஃபிளாஸ்க்கில் வெந்நீர் பிடிக்கப் போகும்போது என் ஃபிளாஸ்க்கையும் கேட்காமல் எடுத்துப் போவார். அந்தம்மா தன் புருஷனைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன். "கைய வச்சுக்கிட்டுச் சும்மா கெடய்யா, டியூப்ப இழுத்துக்கிட்டு." என்னைத் திட்ட ஆள் இல்லையே என்று அழுகை வந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அப்படித்தான் இருந்தது.

செலவில் பெரும்பகுதியைக் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொண்டது. லாட்ஜ் முதலாளி கீழ்த்தளத்தில் பாத்ரூமோடு ஓர் அறையைக் கொடுத்து, "குணமாகுற வரைக்கும் இரு, அப்புறம் பேசிக்கிடுவோம்," என்றார். கட்டிக்குப் பக்கத்து நிணநீர் முடிச்சுகளிலும் நோய் இறங்கியிருந்ததால் கீமோ தொடங்கினார்கள். கீமோ என்றால் நரம்பு வழியாக ஏற்றுகிற மருந்து. வேகமாகப் பெருகுகிற செல்களைக் கொல்லும். நல்லது கெட்டது பார்க்காது. எனக்குக் கொடுத்த மருந்தில் ஒரு விநோதம், குளிர்ந்தது எதைத் தொட்டாலும் விரலில் ஊசி குத்தும். மதுரை வெயில் கொளுத்துகிறது, நான் வெந்நீர் குடித்துக்கொண்டு இருக்கிறேன். செல்வி போன் செய்வாள். "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." "வாரேன்ண்ணே, ஒரு நாளு." அவள் வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

அப்படி ஒரு நாள் எங்கள் சித்தப்பா மகன் ரவி போன் செய்தான். குரலே சரியில்லை.

"அண்ணே, யாழினிக்குக் காது குத்து வச்சிருக்காக. என்னைய மடியில வக்கச் சொல்றாக. ஒங்களுக்குக் கிருமி இன்னும் போகலயாம்ல. நீங்க கோவிச்சுக்கிட மாட்டீகளே?"

"இதுல என்னடா கோவம். நல்லபடியா செய்யி," என்றேன். போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்ட, ரூம் துடைக்க வந்த அம்மாவிடம் கீமோ வாந்தி என்று சொன்னேன்.

அடுத்த முறை போனபோது அந்த ஆராய்ச்சி என்ன ஆயிற்று என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "நீங்க கேட்டதால சொல்றேன். உங்க கட்டியில அந்தக் கிருமி இருக்கு. கொஞ்சமில்ல, நல்லாவே இருக்கு."

"அதுதான் கேன்சரக் கொண்டுவந்துச்சா?"

"அது யாருக்கும் முழுசாத் தெரியாது. கட்டிய வளத்து விடுதா, கட்டி இருக்கிற எடம் பாத்து வந்து குடியேறுதா, ரெண்டுமான்னு பாத்துக்கிட்டு இருக்காங்க. நம்ம எல்லாரு வாயிலயும் அது இருக்கக்கூடியதுதான். ஈறு கெட்டிருந்தா கூடும். கட்டிக்குள்ள போயிட்டா, நம்ம உடம்போட எதிர்ப்புச் சக்தி கட்டியக் கண்டுபிடிக்காம மறைக்குது. மருந்துக்கும் கட்டி சட்டுனு மடங்காது. இது நெறைய இருக்கிறவங்களுக்கு நோய் திரும்ப வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்னு தெரியுது."

எனக்கு லாட்ஜ் பாஷையில் புரிந்தது. போலீஸ் தேடுகிற ஆளுக்குத் தன் பெயரில் அறை எடுத்துக் கொடுத்து, கதவைத் தட்டினால் யாரும் இல்லை என்று சொல்கிற ஆள்தான் இந்தக் கிருமி. "அந்தக் கிருமிய மட்டும் கொல்ல மருந்து இல்லையா?"

"முயற்சி நடக்குது. இன்னும் கைக்கு வரல. இத வச்சு உங்க சிகிச்சைய இப்ப மாத்த முடியாது. பல் டாக்டரப் பாத்து ஈறச் சரி பண்ணுங்க, சொன்ன நாளுக்குத் தவறாம வாங்க."

"இது பக்கத்துல இருக்கிறவங்களுக்கு ஒட்டுமா டாக்டர்?"

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கேன்சர் ஒட்டாது. இந்தக் கிருமியும் நீங்க பயப்படுற மாதிரி இல்ல, அவங்க வாயிலயே இருக்கும். யாரு சொன்னா ஒட்டும்னு?" நான்தான் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது. அவர் விடவில்லை. "கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?"

"தங்கச்சி. முப்பத்தாறு."

"உங்களுக்குச் சின்ன வயசுலயே வந்திருக்கு. அப்ப அவங்களும் கேமரா வச்சுப் பாத்துக்கணும், இப்பவே. சொல்லிட்டீங்களா?"

நாற்காலியில் அன்றைக்கு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். காது குத்துக்கு மடி போனால் போகிறது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் செல்வியின் குடலுக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவளும் ஒரு நாள் மூலம் என்று நினைத்துக் கருணைக்கிழங்கு வாங்குவாள்.

கேரியரை வெந்நீரில் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு அலங்காநல்லூர் பஸ் ஏறினேன். போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். வீட்டு வாசலில் செல்வியின் மாமியார் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு இருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் உள்ளே திரும்பி, "புள்ளயத் தூக்கிக்கிட்டு உள் ரூமுக்குப் போ," என்று சத்தம் கொடுத்தார். பிறகுதான் "வாங்க தம்பி," என்றார்.

வாசலிலேயே நின்றேன். "அத்தை, எனக்கு வந்தது கிருமி இல்ல. கேன்சரு."

கீரை ஆய்ந்த கை நின்றது. செல்வி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவுக்கு வந்துவிட்டாள். அவள் புருஷன் வண்டியைத் துடைத்துக்கொண்டு இருந்தவன் துணியோடு எழுந்தான்.

"புத்தா?" என்றார் மாமியார்.

"புத்துதான். குடல்ல."

"அப்ப ஒட்டாதுல்ல?"

"ஒட்டாது அத்தை."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். அது நிம்மதிப் பெருமூச்சு. உலகத்தில் ஒருத்தனுக்குக் கேன்சர் என்று கேட்டு ஒரு வீடு நிம்மதியடைந்ததை நான் பார்த்திருக்கிறேன். செல்விதான் அழுதாள். "இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் வந்து ஒங் கட்டிலுக்குக் கீழ பாயப் போட்டுப் படுத்திருப்பேன்லண்ணே. ஏண்ணே கிருமின்னு சொன்ன?"

"வம்சத்துல இருக்குன்னு ஒன்னையச் சொல்லிருவாங்கன்னுதான்." சொல்லிவிட்டு, அதே மூச்சில் மீதியையும் சொன்னேன். டாக்டரம்மா செல்வியையும் பார்க்கச் சொன்னார், தள்ளிப் போடக்கூடாது என்றார் என்று. இப்போது வரும் அந்தப் பேச்சு என்று மாமியார் முகத்தைப் பார்த்தேன்.

அவர் மடியிலிருந்த கீரையைத் தட்டிவிட்டு எழுந்தார். "பாக்கணும்னா பாக்க வேண்டியதுதான. சளிதான, காச்சல்தானன்னு பாக்காம விட்டுத்தான் இந்த வீட்ல ஒரு மனுசனக் குடுத்தோம்." பிறகு என் கையிலிருந்த கேரியரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மாப்பிள்ளை மட்டும் அன்றைக்கு என்னோடு பேசவில்லை. கிளம்பும்போது பஸ் ஸ்டாப்பு வரை வண்டியில் கொண்டுவந்து விட்டான். இறங்கும்போது "ரவிகிட்ட நான் சொல்லிக்கிறேன் மச்சான்," என்றான்.

குலதெய்வக் கோயிலில் யாழினி என் இடது தொடையில் உட்கார்ந்தாள். வலதுபக்கம் பை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் போயிருந்தேன். அப்படியும் ஆசாரி ஊசியை எடுத்த நேரம் பார்த்துப் பை தன் கருத்தைச் சொன்னது. குழந்தை வீறிட்டதில் யாருக்கும் கேட்கவில்லை.

அதற்கடுத்த வாரம் செல்விக்குக் கேமரா வைத்துப் பார்த்தார்கள். நர்சம்மா கதவைத் திறந்து, "கூட யாரு?" என்றார். எழுந்து நின்றேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "நீங்களா?" என்றார். துவரம்பருப்பு அளவில் ஒரு சதை வளர்ச்சி இருந்ததாம், அப்போதே எடுத்துவிட்டார்கள். பாலிப் என்பார்கள். "விட்டிருந்தா பல வருஷம் கழிச்சு இது கட்டியாகியிருக்கலாம், ஆகாமலும் இருந்திருக்கலாம்," என்றார் டாக்டரம்மா. "இப்ப இல்ல." என் விஷயம் அப்படித் தீர்மானமாகச் சொல்லக் கூடியது அல்ல. எனக்குள் அந்தக் கிருமி கொஞ்சமில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து பார்க்க வேண்டும். இதை எழுதுகிற நாள்வரை ஒன்றுமில்லை.

செல்வியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து கூடத்தில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். மயக்கம் முழுக்கத் தெளியவில்லை. ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"அண்ணே, அம்புட்டு நாளும் இங்கயா தனியா உக்காந்திருந்த?"

"இங்க இல்ல," என்றேன். "தூணுக்குப் பக்கத்துல, அந்தக் கடைசி நாற்காலி. ஃபேன் அங்கதான் நல்லா சுத்தும்."

அவள் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு இருந்தாள். டீ ஆறுகிறது, குடி என்றேன். குடிக்கவில்லை.